எஸ்றா சார் சொல்லாமல் விட்ட குறை

எந்தக் கார் வாங்கலாம் என்று எஸ்றா சாரிடம் இப்போது யாரும் யோசனை கேட்க முடியாது. கேட்டால், “எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்று போனை வைத்துவிடுகிறார். தூத்துக்குடியில் மெர்வா கம்பெனியின் ஷோரூம் திறந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷம் கார் விற்றவர் பேசுகிற பேச்சா இது என்று கேட்டவர்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கு வருவதில்லை. அதே ஷோரூமின் பின்பக்கம், ஒர்க்‌ஷாப்பில், பதினெட்டு வருஷம் கார்களுக்கு அடியில் நின்றவன் நான். என் பெயர் சுடலைக்கண்ணு, ஊர் சாத்தான்குளம் பக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கார் விற்கிறவர்கள் என்றாலே எனக்கு எரிச்சல். முன்னால் ஏசி அறையில் டை கட்டிக்கொண்டு, லிட்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்று வாய் கூசாமல் அளந்துவிடுவார்கள். பதினேழு கூடக் கிடைக்காத ஆள் மூன்றாம் மாதம் பின்பக்கம் வந்து எங்கள் சட்டையைப் பிடிப்பான். அந்தக் கூட்டத்தில் எஸ்றா சார் ஒருத்தர்தான் வேறு மாதிரி. நாசரேத்துக்காரர், மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. வருகிறவரை உட்கார வைத்து அவர் கேட்கிற முதல் கேள்வி, “வீடு எங்கன இருக்கு அண்ணாச்சி?” என்பதுதான். சம்பளம் என்ன, வேலை என்ன என்றெல்லாம் கேட்க மாட்டார். வீடு இருக்கிற இடத்தைச் சொன்னால் போதும், அந்த இடத்துக்கு எந்த வண்டி ஆகும், எது ஆகாது என்று சொல்லிவிடுவார். நிறையைச் சொல்கிற அதே குரலில் குறையையும் சொல்வார்.

மெர்வாவில் அப்போது நாலு மாடல். சிக்கோ சின்ன வண்டி. காயல்பட்டினத்துச் சந்துகளில் எதிரே ஸ்கூட்டர் வந்தாலும் ஒதுங்கிப் போய்விடும், எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம். ஆனால் சித்திரை மாத மத்தியானத்தில் நாலு பேர் ஏறினால் ஏசி கையை விரித்துவிடும், கதவைச் சாத்தினால் பிஸ்கட் டப்பாவை மூடுகிற சத்தம் வரும். டிராவோவில் ஏழு பேர் போகலாம். சாத்தான்குளத்துக் குடும்பங்கள் கல்யாணத்துக்கும் சர்ச் கன்வென்ஷனுக்கும் அள்ளிக்கொண்டு போக அதைத்தான் கேட்பார்கள். “கடைசி சீட்டுல பிள்ளையள உக்கார வைங்க, பெரியாளு உக்காந்தா முட்டி நாடியில இடிக்கும். ஏழு பேர் ஏறிட்டா பெட்டி வைக்க இடம் கிடையாது” என்று இவர் சொல்லித்தான் விற்பார். டெரன் உயரமான வண்டி. இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்கழி வெள்ளத்தில் ஏரலே முங்கிய பிறகு, எல்லாருக்கும் உயரமான வண்டிதான் வேண்டியிருந்தது. “உயரம் சரிதான். டீசல குடிக்கும். ஒரு பார்ட் போனா மெட்ராஸ்ல இருந்து வரணும். முழங்கால் வலி உள்ள அம்மா வீட்டுல இருந்தா இது வேண்டாம்” என்பார். இப்படிச் சொல்லியும் எல்லாரையும்விட அதிகமாக விற்றது அவர்தான். மேனேஜர்கள் அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

இதையெல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் ஒரு மாடல், இடதுபக்கம் நிறை, வலதுபக்கம் குறை. வாரத்துக்கு ஒருமுறை ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, “சுடலை, இந்த வாரம் எந்த வண்டி எதுக்கு வந்துச்சு?” என்று என்னிடம் கேட்டுக் குறித்துக்கொள்வார். அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், எழுதியவருக்கே விளங்காது. அதனால் அவர் மகள் ஜெஸ்மி பள்ளிக்கூடத்து லீவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முத்து முத்தாக எடுத்து எழுதித் தருவாள். தாய் தேவமணி அவள் எட்டாவது படிக்கும்போதே இறந்துவிட்டதால், சனிக்கிழமைகளில் அப்பாவோடு ஷோரூமுக்கே வந்துவிடுவாள். மூலை மேஜையில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள். டீ குடிக்கப் போகும்போது நான் ஒரு வடை வாங்கி வந்து கொடுப்பேன்.

நாலாவது மாடலைச் சொல்லாமல் விட்டேன். சலோனா. நாலிலும் அழகு அதுதான், டிக்கி வைத்த கார். ஓட்டினால் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும், உள்ளே சத்தமே கேட்காது. வேகத்தடையில் அடிவயிறு உரசும், அது பெரிய குறை இல்லை. பெரிய குறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. பின் சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகிற இரும்புக் குழாய் இடதுபக்க அடியில் மூடி எதுவும் இல்லாமல் போகும். மேல்பூச்சும் மெலிசு. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ அது பதினைந்து வருஷம் கிடக்கும். உப்புக்காற்று அடிக்கிற நம் ஊரில் நாலு ஐந்து வருஷத்தில் அரித்துவிடும். கடலோர ஊர்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும் என்று கம்பெனி ஒரு தாள் அனுப்பியது, ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும். எஸ்றா சார் அதை வாங்கிப் படித்துவிட்டு, துறைமுகம் பக்கத்து ஆட்கள் யார் வந்தாலும் சலோனா வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். பிடிவாதமாக வாங்குகிறவரிடம், “போர் தண்ணிய மட்டும் அடியில அடிச்சிராதிய, அது கடல் தண்ணி மாதிரிதான்” என்பார். இங்கே கார் வைத்திருக்கிற பாதிப் பேர் செய்கிற தப்பு அதுதான். உப்பு படிந்துவிடக் கூடாது என்று உப்புத்தண்ணீரை அடித்துத் தினமும் கழுவுவார்கள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஜெஸ்மிக்குக் கல்யாணம். அப்போது அவள் ஏரலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை பிரைட்டன், துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை, வீடு முத்தையாபுரத்தில். மொட்டை மாடியில் ஏறினால் உப்பளம் தெரிகிற வீடு. அவர்கள் எதுவும் கேட்கவில்லை என்றுதான் எஸ்றா சார் கடைசிவரை சொன்னார். கேட்கவில்லைதான். ஆனால் கார் விற்கிறவர் மகளுக்குக் கார் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்குக் கொடுக்கிற வண்டி டிக்கி வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். கோயில் வாசலில் ரிப்பன் கட்டி நிறுத்தினால் முன்னும் பின்னும் நீண்டு தெரிய வேண்டும். சிக்கோவை நிறுத்தினால் ஊர் சிரிக்கும்.

அப்போது புது வண்டிகளை நிறுத்தி வைக்கிற எங்கள் ஸ்டாக்யார்டில் ஒரு சலோனா எட்டு மாதமாக விற்காமல் கிடந்தது. ஸ்டாக்யார்டு இருப்பது துறைமுக ரோட்டில், உப்பளத்தை ஒட்டி. முத்து வெள்ளை நிறம், எல்லா வசதியும் உள்ள ரகம். வேலை பார்க்கிறவர் என்பதால் நல்ல தள்ளுபடியில் கொடுத்தார்கள். டெலிவரிக்கு முன்னால் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். அந்தக் குழாயில் அங்கங்கே மல்லிப்பொடி தூவினாற்போல் துரு. “சார், இத மாத்திருவோம்” என்றேன். அவர் அண்ணாந்து அந்தத் துருவைப் பார்த்தார்.

“மாத்துனா கம்ப்யூட்டர்ல ஏறிருமேடே. முதல் சர்வீஸ்லயே மாப்பிள்ளை பாத்துருவாரு. யார்டுல கிடந்த வண்டியத் தலையில கட்டிட்டாருன்னு ஒரு பேச்சு வரும். இப்ப ஒண்ணும் ஆகாதுலா?”

“இப்ப ஆகாது சார். வருஷம் போனா ஆகும்.”

“அதுக்குள்ள நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்” என்றார். நானும் வண்டியை இறக்கிவிட்டேன்.

ஆலயத்தில், ஐயர் என்று அவர்கள் சொல்கிற பாதிரியார் ஜெபம் பண்ணிச் சாவியைக் கொடுத்தார். மாப்பிள்ளை கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யார் யாருக்கோ தேடிப்போய்க் குறை சொன்ன மனுஷர், அன்றைக்கு, “நாலு மாடல்லயும் நானே பாத்து எடுத்தது” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றார். கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் கொண்டுவந்த பொருளைக் குறை சொன்னால் மகளையே குறைத்துச் சொன்னதுபோல என்பது பெண்ணைப் பெற்றவர்கள் நினைப்பு. எனக்கு அந்த நினைப்பு புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

மூன்று இலவச சர்வீஸ் முடிந்ததும், எல்லாரையும்போலப் பிரைட்டனும் கம்பெனிக்கு வருவதை நிறுத்திவிட்டு வீட்டுப் பக்கத்து மெக்கானிக்கிடம் போக ஆரம்பித்தார். அந்த மெக்கானிக்குக் கம்பெனித் தாள் வராது. மாதத்துக்கு ஒருமுறை எஸ்றா சார் பின்பக்கம் வந்து நிற்பார்.

“மாப்பிள்ளை வண்டி வந்துச்சா சுடலை?”

“வரல சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா வரும்.”

“சொல்லணும்டே” என்பார்.

ஒரு கிறிஸ்மஸுக்கு இதைச் சொல்லியே தீர வேண்டும் என்று முத்தையாபுரம் போனார். போனபோது பிரைட்டன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, போர் மோட்டாரைப் போட்டு, ஹோஸை வண்டிக்கு அடியில் பிடித்துக்கொண்டிருந்தாராம். “மாமா குடுத்த வண்டி, தினமும் காலையில கழுவாம நான் டீ குடிக்கிறதில்ல” என்றாராம். அந்த முகத்தைப் பார்த்ததும் இவருக்கு வாய் வரவில்லை. கேக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். மறுநாள் இதை என்னிடம் சொல்லும்போது, “எவ்வளவு மரியாதையாக் கழுவுதாரு தெரியுமா” என்றார். பிரைட்டனுக்கே போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அடுத்தவர் குடும்ப விஷயம் என்று விட்டுவிட்டேன்.

ஜெஸ்மிதான் அந்த வண்டியை அதிகம் ஓட்டினாள். முத்தையாபுரத்திலிருந்து ஏரலுக்குத் தினமும் போய்வருவாள். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை என்றாலும், பிரைட்டன் தடை சொல்லவில்லை. வண்டி வந்த ஐந்தாவது வருஷம், ஆடி மாதம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பழையகாயலுக்குப் பக்கத்தில் ரோட்டோரம் உப்பு ஏற்றிக்கொண்டு நின்ற லாரியின் பின்னால் போய் மோதினாள்.

ஆஸ்பத்திரிக்கு எஸ்றா சாரைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, முட்டியும் நொறுங்கியிருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் பிரைட்டனும் அவர் அம்மாவும் நின்றார்கள்.

“பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிருக்கா மாமா” என்றார் பிரைட்டன். கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னார். “ரோட்டுல டயர் தேச்ச தடமே இல்லைன்னு போலீஸ்காரங்க சொல்லுதாங்க.”

“நான் பிரேக்கத்தான் மிதிச்சேன்” என்றாள் ஜெஸ்மி. “மிதிக்கட்டை அப்படியே உள்ள போயிட்டு. ரெண்டு தடவ மிதிச்சேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ” என்றார் மாமியார்.

ஜெஸ்மி தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். நானும் அவரைத்தான் பார்த்தேன். எஸ்றா சார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பதட்டத்துல யாருக்கும் வாரதுதான் மாப்ளே” என்றார். 

நொறுங்கிய வண்டியை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் இழுத்து வந்தார்கள். மறுநாள் லிஃப்டில் ஏற்றினேன். மோதியது முன்பக்கம். வெடித்திருந்தது பின் சக்கரத்துக்குப் போகிற அந்தக் குழாய். துரு தின்று தின்று காகிதம்போல் ஆகி, அமுக்கம் தாங்காமல் பிளந்திருந்தது. பிரேக் எண்ணெய் அடித்தகடு முழுக்க வழிந்திருந்தது. முன் சக்கரங்களுக்கு வேறு குழாய் என்பதால், இது பிளந்தாலும் பாதி பிரேக் மிச்சம் இருக்கும். ஆனால் மிதி தரையைத் தொடுகிற நிமிஷத்தில் அதை இன்னும் பலமாக அமுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பிள்ளை சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து, மோதின வேகத்தில் குழாய் உடைந்தது என்று எழுதிக்கொண்டார். இல்லை என்று நான் சொல்லவில்லை. முந்தின நாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எஸ்றா சார் கேட்டிருந்தார். “ஒரு வாரம் பொறுடே. நானே மாப்பிள்ளைட்ட சொல்லுதேன்.” அந்தத் துண்டுக் குழாயை மட்டும் வெட்டி எடுத்து என் டூல்பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் பதினோரு மாதமாயிற்று. அதற்குள் அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். ஜெஸ்மிக்குத் தொடையில் கம்பி வைத்தார்கள், முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியவில்லை. கார்ச் சாவியைத் தொடவும் வீட்டில் விடவில்லை. இன்சூரன்ஸில் வந்ததைப் போட்டு வாங்கிய புது வண்டியைப் பிரைட்டன் மட்டும்தான் ஓட்டினார். ஏரல் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். ‘பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவ’ என்பது சொந்தக்காரர்களிடம் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது.

போன வைகாசியில் நாசரேத்தில் ஒரு கல்யாணம், நானும் போயிருந்தேன். பந்தியில் பிரைட்டனின் சித்தப்பா ஒருத்தர், பொரியல் வைக்க வந்தவரிடம் சாம்பாரைக் கேட்டுவிட்டு, “நம்ம ஜெஸ்மி பிரேக்கு மிதிச்ச கதையால்லா போச்சு” என்றார். இலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எதிர்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஜெஸ்மியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். எனக்குப் பக்கத்து இலையில் இருந்த எஸ்றா சார் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். கை கழுவுகிற இடத்தில் என்னைப் பார்த்ததும், “அந்தக் குழாய் உங்கிட்ட இருக்கா?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் முத்தையாபுரம் போனோம். பிரைட்டனும் அவர் அம்மாவும் முன்னறையில் இருந்தார்கள், ஜெஸ்மி சுவரைப் பிடித்து நடந்து வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எஸ்றா சார் துண்டுக் குழாயை டீப்பாயில் வைத்தார். பிறகு ஷோரூமில் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தார். சலோனாவின் நிறை என்ன என்பதை முதலில் சொன்னார். நல்ல ஓட்டம், சத்தம் இல்லை, டிக்கி பெரிசு. பிறகு குறைக்கு வந்தார். அடியில் போகிற குழாய், உப்புக்காற்று, யார்டில் கிடந்த எட்டு மாதம், தள்ளுபடி, கம்பெனி அனுப்பிய தாள், போர் தண்ணீர். ஒன்றையும் விடவில்லை. “இருபத்திரண்டு வருஷத்துல நான் குறை சொல்லாமக் குடுத்த வண்டி அது ஒண்ணுதான் மாப்ளே. எம்பிள்ள பிரேக்கத்தான் மிதிச்சா” என்று முடித்தார்.

பிரைட்டன் குழாயைக் கையில் எடுத்தார். விரல் பட்டதும் துரு உதிர்ந்தது. “அப்போ நான் தினமும் கழுவினது?” என்று கேட்டார். அவர் அம்மா, “அப்போ அது விக்காமக் கிடந்த வண்டியா?” என்று கேட்டார். எஸ்றா சார் ஆமாம் என்று தலையாட்டினார். ஐந்து வருஷத்துக்கு மேல் அவர் எதற்குப் பயந்தாரோ அந்தப் பேச்சு வந்தேவிட்டது. வந்து என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவர் மகள் பக்கம் திரும்பினார். “மன்னிச்சிரு பிள்ளே. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கணும். உனக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சு.”

“எனக்குத் தெரியும்ப்பா” என்றாள் ஜெஸ்மி.

அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. “சலோனா, கடலோரத்து வீட்டுக்கு வேண்டாம், பின் பிரேக் குழாய் அரிக்கும். அந்த நோட்டுல அத எடுத்து எழுதுனதே நான்தானப்பா. மிதி உள்ள போகும்போதே எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.”

“தெரிஞ்சா ஏம்மா அந்த வண்டிய ஓட்டுன?” என்றார் எஸ்றா சார்.

“எனக்குன்னு குடுக்கும்போது அந்தக் குழாய மாத்திட்டுத்தான் குடுத்திருப்பியன்னு நினைச்சேன்.”

எஸ்றா சார் டீப்பாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துத்தான் வெளியே கூட்டிவந்தேன். 

அந்தக் குழாயை மாற்ற ஒரு மத்தியானம் போதும். டெலிவரிக்கு முன்னால் சலோனா லிஃப்டில் நின்ற அன்றைக்குப் புதுக் குழாய் என் ரேக்கிலேயே இருந்தது.